பழைய பீச் ராடு வாங்கப் போறீங்களா? தோளையும் கூட்டிட்டுப் போங்க

கடற்கரையில் நின்று மீன்பிடிக்கிற 13 அடி பீச் ராடு ஒன்று விலைக்கு வருகிறது என்றால் நான் முதலில் கேட்பது கம்பெனி பெயரை அல்ல. எத்தனை துண்டு, அதில் பெரிய துண்டு எத்தனை அடி என்பதைத்தான். சரிபாதியாக இரண்டு துண்டு என்றால் ஒவ்வொன்றும் ஆறரை அடி. என் ஹோண்டா ஜாஸில் முன் சீட்டைச் சாய்த்துவிட்டால் டிக்கியிலிருந்து முன்பக்கம் வரை எப்படியோ அடங்கிவிடும். ஆனால் தூரம் வீசுவதற்கென்றே செய்த ராடுகளில் பல சரிபாதியாக இருக்காது. முனைத்துண்டு எட்டரை அடி, அடித்துண்டு நாலரை அடி என்று இருக்கும். வளைகிற பகுதியில் மூட்டு வந்தால் வளைவு அங்கே தடைபடும் என்பதால் மூட்டைக் கீழே தள்ளிவிடுகிறார்கள். யோசனை அருமையானதுதான். ஆனால் எட்டரை அடித் துண்டை வைத்துக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிட்டு, ஜனவரி இரவில் இங்கிலாந்தின் எம்2 மோட்டார்வேயில் கில்லிங்ஹாம் வரை ஓட்டிப் பாருங்கள். விலை குறைவாக வரும் நல்ல ராடுகளில் சில இந்த ஒரு காரணத்துக்காகவே விலை குறைந்தவை. வேன் வைத்திருப்பவர்களுக்கு யோகம்.

கென்ட், எசெக்ஸ் கரைகளில் தூண்டில் போடும் நம் ஆட்கள் இப்போது நிறைய. வாட்ஸாப்பில் எனக்கு வரும் கேள்வியும் பெரும்பாலும் ஒன்றுதான்: "அண்ணே, தூரமாப் போற ராடு, செகண்ட் ஹேண்டுல, எது நல்லது?" பெயரைச் சொன்னால் போதும், வாங்கிவிடுவார்கள். நான் பெயர் சொல்வதில்லை. ராடு தானாக எங்கும் போகாது. அதை வளைக்க ஆள் வேண்டும். எனக்கு உயரம் ஐந்தடி ஐந்தங்குலம், எடை 62 கிலோ. வார்டில் நோயாளிகளைப் புரட்டிப் புரட்டி வலது தோள் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது. ஆறடி இரண்டங்குல ஆங்கிலேயர் ஒருவர் 'இதைவிட நல்ல ராடு உலகத்திலேயே இல்லை' என்று சத்தியம் செய்தாலும், அது அவருடைய உலகம்.

முதலில், தூரம் எதற்கு? எல்லா இடத்திலும் தேவையில்லை. டஞ்ஜனெஸ் மாதிரி கூழாங்கல் மேடு சட்டென்று இறங்கும் கரையில் பத்துப் பதினைந்து கெஜத்திலேயே ஆழம் வந்துவிடும். இருட்டிய பிறகு சோல் மீனும் பாஸும் காலடிக்கே வந்து மேயும். அங்கே 120 கெஜம் வீசுகிறவன் மீனுக்கு மேலாக வீசிக்கொண்டிருக்கிறான். நிலம் தட்டையாக ஓடும் கரைகளில் கதை வேறு. அலைகள் உடையும் வரிசையைத் தாண்டி, கொஞ்சம் பள்ளம் தொடங்கும் இடத்தில் நரம்பில் கட்டிய ஈயக் குண்டு விழுந்தால்தான் வசந்தத்தில் முள்திருக்கை, குளிர்காலத்தில் வைட்டிங், டாப் மீன்கள் எல்லாம் கிடைக்கும். அந்தப் பள்ளம் 60 கெஜத்திலா 100 கெஜத்திலா என்பதை கடல் வற்றி முழுவதும் இறங்கிய நேரத்தில் ஒருமுறை நடந்து பார்த்தாலே தெரிந்துவிடும். அதைப் பார்த்துவிட்டு ராடு தேடுவது நல்லது.

தூரக் கணக்கும் ஒரு விஷயம். மைதானத்தில், புல்தரையில், இரை எதுவும் இல்லாமல் 175 கிராம் ஈயத்தைப் பெண்டுலம் முறையில், அதாவது ஊசல் போல ஆட்டிச் சுழற்றிப் போடும் போட்டிக்காரர்கள் 250 கெஜத்தைத் தாண்டுவார்கள். அந்த வீடியோக்களைப் பார்த்துவிட்டுத்தான் பலருக்கு இந்த ஆசை வருகிறது. கடற்கரையில், காற்றில், லக் புழுவை இரையாகக் கோத்த முள்ளோடு, இருட்டில், வழுக்கும் கல்லில் நின்று 100 கெஜம் போடுகிறவர் நல்ல வீச்சுக்காரர். சாதாரணமாகத் தலைக்கு மேலே தூக்கி எறிகிறவர்களில் பாதிப்பேர் 70 கெஜத்தில்தான் இருக்கிறோம், கேட்டால் 100 என்போம்.

எங்கள் ஊர் மணப்பாட்டில் ராடும் கிடையாது ரீலும் கிடையாது. அப்பா தங்கூசி நரம்பை மணலில் வளையமாகப் போட்டு வைத்து, ஈயத்தைத் தலைக்கு மேல் சுழற்றி விடுவார். அவர் சொன்ன ஒரே பாடம், ஈயம் கையை இழுக்கும்போதுதான் விடணும், நீ ஈயத்தை இழுக்கும்போது விட்டா காலடியில விழும் என்பது. பீச் ராடின் சூட்சுமமும் அதேதான். வீச்சின் தொடக்கத்தில் ஈயம் பின்னால் இழுக்க, ராடு வளைய வேண்டும். அந்த வளைவு நிமிரும்போது முனை வேகமெடுக்கும். ராடு வளையவில்லை என்றால் பதின்மூன்று அடி நீளக் கம்பியை நீங்கள் முழு பலத்தோடு காற்றில் ஆட்டியதுதான் மிச்சம். அந்த பலம் முழுவதும் திரும்பித் தோளில் இறங்கும்.

இப்போது ராடின் லேபிளுக்கு வருவோம். பிளாங்க் மேல், அதாவது ராடின் வெறும் தண்டின் மேல், '4–6 அவுன்ஸ்' என்று எழுதியிருக்கும். இங்கிலாந்து பீச் ராடுகள் பலவற்றில் இதே எழுத்துதான். 4 அவுன்ஸ் என்பது 113 கிராம், 6 அவுன்ஸ் 170 கிராம். ஆனால் ஒரே 4–6 எழுதிய இரண்டு ராடுகளில் ஒன்றை என் மகள்கூட வளைத்துவிடுவாள், இன்னொன்றை நான் தொங்கினாலும் அசையாது. அந்த எண் தாங்குகிற எடையைச் சொல்கிறது. எந்த வேகத்தில், எந்த வீச்சு முறையில் வளையும் என்பதை அது சொல்வதில்லை. ஸிப்ளெக்ஸ், செஞ்சுரி போன்ற கம்பெனிப் பெயர்களுக்குப் பழைய ராடு சந்தையில் தனி மரியாதை உண்டு, அது தகுதியான மரியாதைதான். அவர்கள் செய்தவற்றிலும் மென்மையானவை உண்டு, இரும்பு மாதிரி விறைத்தவையும் உண்டு. பெண்டுலம் வீசுகிறவருக்காகச் செய்த ராடு, அடிப்பகுதி விறைப்பாக இருக்கும். ஈயம் பெரிய வட்டமாகச் சுற்றி வரும்போது கிடைக்கும் இழுவையை எதிர்பார்த்துச் செய்தது அது. தலைக்கு மேல் ஒரே எறியாக எறிகிறவருக்கு அந்த இழுவை கிடைக்காது.

போன இலையுதிர் காலத்தில் டீல் என்கிற கென்ட் கடலோர ஊர்ப் பக்கம் ஒரு வயதானவர் தன் ராடுகளை விற்பதாக விளம்பரம் போட்டிருந்தார். முழங்கால் அறுவைக்குப் பிறகு கூழாங்கல்லில் நிற்க முடியவில்லையாம். நான் ஒருவனாகப் போகவில்லை, பருத்தித்துறை அண்ணை ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயதில் வேகப்பந்து போட்டவர், உயரம் ஆறடி, அறுபது தாண்டியும் தோள் இன்னும் அப்படியே இருக்கிறது. நான் பையில் எடுத்துப் போனவை: அளவு நாடா, காது குடையும் பஞ்சுக் குச்சி, பழைய நைலான் சாக்ஸ் ஒன்று, டார்ச், என் ரீல், 5 அவுன்ஸ் வெறும் ஈயம் சில. விற்பவர்கள் இதைப் பார்த்துக் கோபிப்பார்கள் என்று நினைக்காதீர்கள். உண்மையாக மீன்பிடித்தவர்கள் சந்தோஷப்படுவார்கள். அவர் டீக்குக் கெட்டிலை வைத்துவிட்டு வந்து வேடிக்கை பார்த்தார்.

கராஜில் இரண்டு ராடு எங்களுக்குப் பொருத்தமாகத் தெரிந்தன. ஒன்று பெயர்பெற்ற கம்பெனியின் 13 அடி டூர்னமென்ட் ராடு, 170 பவுண்டு. இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாத ஒரு 12 அடி ராடு, 65 பவுண்டு. என் கை தானாக முதலாவதை நோக்கிப் போனது. அண்ணை எதுவும் சொல்லவில்லை. கதவோரம் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கார்பன் ராடைப் பற்றி ஒன்றைத் தெரிந்துகொண்டால் பழைய ராடு பார்ப்பதில் பாதி வேலை முடிந்தது. 1960களில் ஃபார்ன்பரோவில் இருந்த அரசு விமான ஆராய்ச்சி நிலையத்தில்தான் வலுவான கார்பன் இழை செய்யும் முறையைக் கண்டுபிடித்தார்கள். எடை குறைவு, விறைப்பு அதிகம் என்று விமானத்துக்காக உருவானது 1970களில் தூண்டிலுக்கும் வந்துவிட்டது. அதற்கு முன்பிருந்த கண்ணாடி இழை ராடுகள் இன்றும் பழைய சாமான் விற்கும் கார் பூட் சேல்களில் ஐந்து, பத்து பவுண்டுக்குக் கிடக்கின்றன. கனமானவை, சோம்பலானவை, ஆனால் மிதித்தால்கூட பிழைத்துக்கொள்ளும். கார்பன் அப்படியல்ல. நீளவாக்கில் இழுத்தால் அசகாய சூரன், பக்கத்திலிருந்து ஒரு இடி விழுந்தால் போச்சு. ஸ்டாண்டிலிருந்து கூழாங்கல்லில் விழுந்தது, கார் கதவில் நசுங்கியது, வீசும்போது ஈயம் பிளாங்கில் தட்டியது, இவையெல்லாம் வெளியே ஒரு சின்னக் கீறலாகத்தான் தெரியும். உள்ளே இழைகள் அறுந்திருக்கும். பிறகு ஒருநாள் முழு வீச்சில் துப்பாக்கி மாதிரி சத்தம் கேட்கும்.

அதனால் நான் முதலில் நைலான் சாக்ஸைக் கையில் மாட்டிக்கொண்டு பிளாங்கை அடியிலிருந்து நுனிவரை மெதுவாக உருவிவிடுவேன். இழை தூக்கிக்கொண்டிருந்தால் துணி மாட்டும். அடுத்து டார்ச்சைப் பக்கவாட்டில் அடித்துப் பார்ப்பது. வார்னிஷில் குறுக்குக்கோடு தெரிந்தால், அதாவது நீளவாக்கில் இல்லாமல் சுற்றிவரும் கோடு, அந்த இடத்தை நகத்தால் தட்டிப் பாருங்கள். மற்ற இடத்தில் டிக்டிக் என்றும் அங்கே மட்டும் மொத்தென்றும் கேட்டால் ராடைத் திருப்பி வைத்துவிட்டு டீ குடிக்கப் போகலாம். அடிப்பகுதியில் ரப்பர் உறையோ டேப்போ புதிதாகச் சுற்றியிருந்தால், கழற்றிப் பார்க்கலாமா என்று கேளுங்கள். இந்த ஊரில் பல ராடுகளுக்கு நிலையான ரீல் இருக்கை கிடையாது. கோஸ்டர் என்று சொல்லும் உலோகப் பட்டைகளால் ரீலை வெறும் பிளாங்கில் இறுக்குவார்கள். அளவுக்கு மீறி முடுக்கினால் அந்த இடத்தில் பிளாங்க் நசுங்கும், அதை மறைக்கத்தான் சிலர் உறை போடுகிறார்கள்.

"பொருத்தைப் பாரும் தம்பி" என்றார் அண்ணை. பழைய ராடில் பணம் போவது அங்கேதான். உள்ளே ஒரு முளை, அதன்மேல் மற்ற துண்டு ஏறுவது ஸ்பிகாட் வகை. முழுதாக இறுக்கிய பிறகும் இரண்டு துண்டுக்கும் நடுவே ஆறிலிருந்து பத்து மில்லிமீட்டர் இடைவெளி தெரிய வேண்டும். 'இடைவெளி இல்லாமல் கச்சிதமாகப் பொருந்துகிறது' என்று விளம்பரத்தில் பெருமையாக எழுதுவார்கள், அதற்குப் பொருள் முளை தேய்ந்துவிட்டது என்பது. பயப்பட வேண்டியதில்லை, மேல் துண்டின் வாயைச் சில மில்லிமீட்டர் அறுத்து நூல் சுற்றிக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆனால் அந்தச் செலவை விலையில் கழித்துவிட வேண்டும். ஒரு துண்டு மற்றதன் மேல் நேரடியாகச் செருகும் வகையில், வாய்ப்பகுதியில் நீளவாக்கில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு வகையிலும் ராடைப் பொருத்தி, பொருத்துக்கு இருபுறமும் கைவைத்து லேசாக ஆட்டினால் 'டொக்' என்று ஒன்று கேட்கக் கூடாது. பாரஃபின் மெழுகு தேய்த்தால் அந்தச் சத்தம் போய்விடும். மெழுகு தேய்த்து வைத்திருக்கிறார்களா என்பதையும் துடைத்துப் பார்த்துவிடுங்கள்.

நரம்பு ஓடும் வளையங்கள் விஷயத்தில் பஞ்சுக் குச்சி. உள்ளே இருக்கும் பீங்கான் வட்டத்தைச் சுற்றி ஒரு முறை ஓட்டினால் விரிசல் இருக்குமிடத்தில் பஞ்சு மாட்டும். கண்ணுக்குத் தெரியாத அந்த விரிசல்தான் நரம்பைச் சீவிவிடும். நுனி வளையம் முதலில் போகும், மாற்றுவது ஐந்து பவுண்டு வேலை. சுடுநீரில் காட்டினால் பசை இளகிக் கழன்று வரும், நெருப்புக் காட்டக் கூடாது, கார்பனைப் பிடித்திருக்கும் ரெசின் கருகிவிடும். மற்ற வளையங்கள் ஒரு சாயங்கால வேலை, எபாக்ஸி பசை காயும் வரை திருப்பித் திருப்பி விட வேண்டும், சாப்பாட்டு மேசையில் அது நடந்தால் வீட்டில் பேச்சு வரும்.

ஆனால் வளையத்தில் விரிசலைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நரம்பு சுற்றிய உருளையே சுழலும் மல்டிபிளையர் ரீலுக்குச் செய்த ராடில் சின்னச் சின்ன வளையங்கள் நிறைய இருக்கும். உருளை அசையாமல் நிற்கும் ஃபிக்ஸட் ஸ்பூல் ரீலில் நரம்பு பெரிய சுருளாகக் கழன்று வரும், அதற்கு முதல் வளையம் 40, 50 மில்லிமீட்டர் அகலமாவது வேண்டும். சின்ன வளையத்தில் சுருள் மோதினால் தூரம் அங்கேயே செத்துவிடும். விளம்பரப் புகைப்படத்தைப் பெரிதாக்கி வளையங்களை எண்ணினாலே இது தெரியும். நம் ஆட்களில் பெரும்பாலானோர் ஃபிக்ஸட் ஸ்பூல்தான் வைத்திருக்கிறோம்.

நீளத்தையும் அளந்துவிடுங்கள். நுனி முறிந்தபின் இரண்டு அங்குலம் அறுத்துப் புது வளையம் மாட்டிய ராடுகள் நிறைய. அப்படி அறுத்த நுனி கொஞ்சம் விறைத்துவிடும், வைட்டிங் தொடுவது தெரியாது. அடிப்பக்கம் அறுத்திருந்தால் எனக்குப் பெரிய கவலையில்லை. குட்டையானவனுக்குச் சில சமயம் அது அதிர்ஷ்டம்.

ஏனென்றால் அடுத்த அளவு என் உடம்பில் எடுப்பது. ராடின் அடிநுனியை அக்குளுக்கு அருகே வைத்துக் கையை நீட்டினால் விரல் எங்கே போய் நிற்கிறதோ அங்கேதான் ரீலின் கால் வர வேண்டும். எனக்கு அது 27 அங்குலம். அந்த டூர்னமென்ட் ராடில் பழைய உரிமையாளரின் டேப் குறி 32 அங்குலத்தில் இருந்தது. நல்ல வேளையாகக் கோஸ்டர் வகை, நகர்த்தலாம். இருக்கையை எபாக்ஸி வைத்து ஒட்டிய ராடு என்றால் இந்த ஐந்து அங்குலம் உங்கள் கைக்கு வராது, வீச்சின் பாதியில் இடது கை மார்பில் முட்டும். பழைய ராடில் நிலையான இருக்கை இல்லாதது எனக்கு ஒரு குறையே அல்ல. சொல்லப்போனால் அதைத்தான் தேடுகிறேன்.

கடைசியாக வளைவு. நரம்பை வளையங்கள் வழியாக ஓட்டி அண்ணை கையில் கொடுத்தேன். அவர் தரையோடு பிடித்துக்கொள்ள, நான் மெதுவாகத் தூக்கினேன். இன்னொருவர் பக்கவாட்டில் நின்று பார்க்க வேண்டும், பெரியவரே பார்த்தார். வளைவு நுனியிலிருந்து கீழே சீராக ஓடி வர வேண்டும். ஓரிடத்தில் முழங்கை மடங்குவது போல் மடங்கினால் அங்கே உள்ளே ஏதோ ஆகியிருக்கிறது. ராடைக் கால் சுற்று திருப்பி மறுபடியும் பார்ப்பது நல்லது. இரண்டு ராடும் சுத்தம். ஆனால் டூர்னமென்ட் ராடில் நுனி மட்டும் கொஞ்சம் தலையாட்டியது. நடுவிலிருந்து கீழே அசையவே இல்லை, என் தோள்தான் முனகியது. 12 அடி ராடு நடுவரைக்கும் இறங்கி வளைந்தது.

"வளையாட்டி அது வெறும் தடி" என்றார் அண்ணை. "உமக்கு உது பாரம் தம்பி. பேரை வீசேலாது, ஈயத்தைத்தான் வீசலாம்."

பெரியவர் வீட்டிலிருந்து கடல் ஐந்து நிமிட நடை. வீசிப் பார்க்கலாமா என்று கேட்டதும் அவரே கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். 1957இல் திறந்த, கடலுக்குள் நீளும் டீல் கான்கிரீட் பியருக்கு நன்றாகத் தள்ளி, ஆளில்லாத இடமாகப் பார்த்து நின்றோம். ஒரே ரீல், ஒரே நரம்பு, ஒரே 5 அவுன்ஸ் ஈயம், ராடு மட்டும் மாற்றி மாற்றி. தூரத்தை அளக்க என் வழி ரீல் கைப்பிடியைச் சுற்றும்போது எண்ணுவது. என் ரீலில் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வரும். துல்லியம் கிடையாது, ஒப்பிடப் போதும்.

12 அடி ராடுதான் எனக்குத் தூரம் போனது. சும்மா கொஞ்சம் இல்லை, பதினைந்து சுற்றுக்கு மேல். தோளும் சத்தம் போடவில்லை. அதே டூர்னமென்ட் ராடை அண்ணை எடுத்தார். ஈயத்தைத் தரையில் பின்னால் கிடத்தி, உடம்பை முழுக்கத் திருப்பி, பந்து போடும் அதே அசைவில் விட்டார். ராடு அப்போதுதான் கீழ்வரைக்கும் வளைந்ததைப் பார்த்தேன். நரம்பு போய்க்கொண்டே இருந்தது. பெரியவர் கைதட்டினார். அந்த ராடு அண்ணையோடு போனது, 150 பவுண்டுக்கு. நான் 60 கொடுத்து 12 அடியை வாங்கிக்கொண்டேன்.

மென்மையான ராடில் இன்னொரு லாபம், வெறும் ஈயம் வீசிப் பார்க்கும்போது தெரியாதது. விறைத்த ராடு வெடுக்கென்று இழுக்கும், லக் புழு கிழிந்து காற்றிலேயே போய்விடும், நீங்கள் வெறும் முள்ளைக் கடலில் ஊறப்போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருப்பீர்கள். அதற்காக எதை எடுத்தாலும் துவண்டு தொங்குவதை வாங்கச் சொல்லவில்லை. கென்ட் கரையில் நீரோட்டம் இழுக்கும் நாட்களில் கம்பிக்கால் வைத்த 6 அவுன்ஸ் ஈயம் இல்லாமல் நிற்காது. அதை வீசும்போது அடிப்பகுதி தாக்குப்பிடிக்க வேண்டும், விட்ட பிறகு நுனி ஆடிக்கொண்டே இருக்கக் கூடாது. ஆட்டம் நீண்டால் நரம்பு அலை அலையாக வளையத்தில் அடித்துக்கொண்டு போகும். விட்டவுடன் இரண்டு துள்ளலில் நுனி அடங்குகிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 70 கெஜத்திலேயே நிற்கிறோம் என்பதற்காக ராடு தேடுபவர்களில் பலருக்கு ராடே தேவையில்லை. ஸ்பூலில் நரம்பு விளிம்புக்கு இரண்டு மில்லிமீட்டர் கீழே வரை நிரம்பியிருக்கிறதா? பாதி காலியான ஸ்பூலில் நரம்பு விளிம்பில் உரசி உரசித்தான் வெளியே வரும். 0.45 மில்லிமீட்டர் நரம்பு போட்டிருப்பவர் 0.35க்கு மாறினால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். மெல்லிய நரம்பு வீச்சின் அதிர்ச்சியைத் தாங்காது, அதனால் முன்னால் ஷாக் லீடர் என்கிற தடித்த நரம்புத் துண்டு. ஒரு அவுன்ஸ் ஈயத்துக்குப் 10 பவுண்டு எடை தாங்கும் வலிமை என்பது இங்கே எல்லோரும் வைத்திருக்கும் கணக்கு. 5 அவுன்ஸ் என்றால் 50, 6 என்றால் 60. ராடு நீளத்தைப்போல் இருமடங்கும், ஸ்பூலில் ஏழெட்டுச் சுற்றும் வருகிற அளவுக்கு நீளம். இதை விட்டுவிட்டால் நரம்பு அறுந்து ஈயம் தனியாகப் பறக்கும். அந்த வேகத்தில் 150 கிராம் ஈயம் யார் தலையில் பட்டாலும் பிறகு பேச ஒன்றுமில்லை, குழந்தைகளைக் கூட்டிவருகிற இடத்தில் இதில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை. அப்புறம் இரையை ஈயத்தோடு ஒட்டிப் பிடித்துவைக்கும் சின்னக் கொக்கி, பெய்ட் கிளிப். ஒரு பவுண்டுகூட ஆகாது. தனியாகப் பறக்கும் இரை காற்றில் படபடத்து எல்லாத் தூரத்தையும் தின்றுவிடும். இந்த மூன்றையும் சரிசெய்தால் முப்பது பவுண்டுக்குள் முடியும், அதன் பிறகும் ஆசை இருந்தால் ராடு பார்க்கலாம்.

அந்த 60 பவுண்டு ராடில் முதல் குளிர்காலம் வந்தது பெரும்பாலும் வைட்டிங்கும் புள்ளிச் சுறாவும். இந்தப் புள்ளிச் சுறாவை, இங்குள்ளவர்கள் டாக்ஃபிஷ் என்று முகம் சுளித்துத் திருப்பிப் போட்டுவிடுவார்கள். உப்புத்தாள் மாதிரி தோல், உரிப்பது கஷ்டம் என்பார்கள். கொதிநீரில் போட்டு எடுத்தால் தோல் வழித்துக்கொண்டு வரும் என்பது நமக்குத் தெரியாதா? சின்ன வெங்காயம், பூண்டு, பச்சை மிளகாய், மிளகு போட்டுப் புட்டாக உதிர்த்துக் கொடுத்ததில் வார்டில் கூட வேலை பார்க்கும் கேரளத்துச் சேச்சிகள் இப்போது ஆர்டரே கொடுக்கிறார்கள். பக்கத்தில் நிற்கும் ஆங்கிலேயர்களிடம் கேட்டால் அவர்களுக்கு விழுவதையும் கொடுத்துவிடுவார்கள், தூரம் வீச வேண்டிய அவசியமே இல்லை.

புதிதாக வருகிறவர்களுக்கு: இங்கிலாந்தில் கடலில் ராடு போட உரிமம் தேவையில்லை, ஆற்றுக்கும் ஏரிக்கும்தான் வேண்டும். அளவு விதிகள் உண்டு. பாஸ் 42 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் கடலுக்கே, எத்தனை எடுக்கலாம், எந்த மாதங்களில் என்பது மாறும், போகுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இணையத்தில் வாங்குவது பற்றிக் கேட்கிறார்கள். இந்த நீளத்தைச் சாதாரணத் தபாலில் எடுக்க மாட்டார்கள், கூரியர் செலவு ராடு விலையில் கால்பங்கு வந்துவிடும், வழியில் என்ன இடி விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. அதனால் ஓட்டிப்போகிற தூரத்தில் இருப்பதைத்தான் பார்க்கிறேன். நேரில் போகுமுன் விற்பவரிடம் நான்கு படம் கேட்பேன்: பொருத்திய நிலையில் மூட்டு, முதல் வளையமும் அதன் அடி நூலும், உறை கழற்றிய அடிப்பகுதி, நுனி. புது ராடு 400, 500 பவுண்டு போகிற காலத்தில் நூறுக்கும் இருநூறுக்கும் நல்லது கிடைக்கிறது என்பது உண்மை. ராடின் பெயர்கூடச் சரியாகத் தெரியாமல், எங்கே வாங்கியது என்பதும் சொல்லத் தெரியாமல், ரொக்கம் மட்டும் கேட்கிறவரிடம் போகாதீர்கள். ராடு திருட்டு இங்கே கராஜுக்குக் கராஜ் நடக்கிறது. மூட்டின் இடைவெளி எத்தனை மில்லிமீட்டர் என்று கேட்டால் நல்ல விற்பனையாளர் அரை மணி நேரத்தில் ஸ்கேலை வைத்துப் படம் எடுத்து அனுப்புவார். 'கண்டிஷன் சூப்பர்' என்று மட்டும் பதில் வந்தால் நான் அடுத்த விளம்பரத்துக்குப் போய்விடுவேன்.